பூச்சு வேலைக்கு முன்னால எந்தெந்த ஒயர் போடணும்? டிவி, ஆம்ப், டிஷ்

புதுவீடு_கல்லிடை

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். கல்லிடைக்குறிச்சியில வீடு கட்டிக்கிட்டு இருக்கோம். அடுத்த வாரம் பட்டாசல்ல (ஹால்ல) பூச்சு ஆரம்பிக்காங்க. அதுக்குள்ள சுவர் கொத்தி டிவி, ஸ்பீக்கர், டிஷ் எல்லாத்துக்கும் பைப் போட்டு முடிக்கணும். வெளியே ஒரு ஒயர்கூடத் தெரியக் கூடாதுன்னு வீட்ல கண்டிப்பாச் சொல்லியாச்சு.

இருக்கிற சாமான்: 55 இஞ்சு 4கே டிவி. அதுல எச்டிஎம்ஐ போர்ட் 4 இருக்கு, மூணாவது போர்ட்டுல இ-ஆர்க்னு எழுதியிருக்கு. டிவியில சொருகுற ஸ்ட்ரீமிங் ஸ்டிக் ஒண்ணு. எச்டி செட்டாப் பாக்ஸ். 2012 மாடல் 5.1 ஏவி ரிசீவர், அதான் ஆம்ப். அதுல எச்டிஎம்ஐ இன் 4, அவுட் 1, அவுட் பக்கத்துல ஆர்க்னு இருக்கு. ஸ்பீக்கர் அஞ்சும் 6 ஓம். தனி பவர் உள்ள சப்வூஃபர். அப்பா வச்சிருந்த கேசட் டெக் ஒண்ணு, அதையும் சேக்கணும்.

டிவி கிழக்குச் சுவர்ல. ஆம்ப் வைக்கிற அலமாரி வடக்குச் சுவர்ல. பைப் போற வழியா அளந்தா ரெண்டுக்கும் 6 மீட்டர். ஆம்ப்ல இருந்து முன் ஸ்பீக்கர்களுக்கு 5, 7, 9 மீட்டர், பின் ஸ்பீக்கர்களுக்கு 11, 13. மொட்டை மாடி டிஷ்ஷுல இருந்து டிவி வரைக்கும் 18.

எலக்ட்ரீசியன் முக்கால் இஞ்சு பைப் போதும், கரண்ட் ஒயரோடயே எல்லாத்தையும் இழுத்திரலாம்னு சொல்லுதாரு. கடையில 10 மீட்டர் எச்டிஎம்ஐ கேட்டா 8கே, 2.1னு அட்டையில போட்ட ஒண்ணை எடுத்துக் காட்டுதாங்க. அதை நம்பி வாங்கலாமா? பழைய ஆம்ப் 4கே டிவியோட ஒத்துப்போகுமா? எந்த ஒயர் எத்தனை போடணும்?

பாளை_ஒயரிங்

முதல்ல பைப்பைப் பேசிருவோம். ஒயர் தப்பாப் போனா அடுத்த வருசம் மாத்திக்கலாம். பூசி, பட்டி பாத்து, பெயிண்ட் அடிச்ச சுவருக்குள்ள பைப்பை மாத்த முடியாது.

முக்கால் இஞ்சு பைப்புக்குள்ள எச்டிஎம்ஐ போகவே போகாது. பிளக்கோட இரும்பு வாய் மட்டுமே 14 மி.மீ. அகலம். அதைச் சுத்தி இருக்கிற பிளாஸ்டிக் தலை 20 மி.மீ. கிட்ட வரும். முக்கால் இஞ்சு பைப்போட உள்விட்டம் அதைவிடக் கம்மி. 25 மி.மீ. பைப்புல நேரா இருக்கிற இடத்துல நுழையும், முதல் வளைவுல சிக்கிக்கிடும். டிவிக்கும் அலமாரிக்கும் நடுவுல 40 மி.மீ. போடுங்க, வழியே இல்லைன்னா 32. மூலையில எல்போ வேண்டவே வேண்டாம். எல்போ சட்டுனு திரும்பும், எச்டிஎம்ஐ தலை அந்தத் திருப்பத்துல மடங்காது. நீளமா வளையுற பெண்டு போடுங்க, மொத்த ஓட்டத்துல ரெண்டு மூணு பெண்டோட நிறுத்துங்க.

சுவர் 9 இஞ்சா, நாலரை இஞ்சான்னு பாத்துக்கோங்க. நாலரை இஞ்சுச் சுவர்ல 40 மி.மீ. பைப்புக்குக் கொத்துனா சுவர்ல மூணுல ஒரு பங்குக்கு மேல போயிரும். குறுக்கே நீளமாக் கொத்துறது எந்தச் சுவருக்கும் நல்லதில்லை. டிவிக்குப் பின்னால நேரா கீழ இறக்கி, டைல்ஸ் ஒட்டுறதுக்கு முன்னால தரைக்குள்ளயே ஓட்டி, அலமாரிக்குள்ள மேல ஏத்துங்க. ஒன்றரை மீட்டர் கூடும், சுவர் தப்பிக்கும்.

கரண்ட் ஒயரோட ஒரே பைப்பு கூடவே கூடாது. இரைச்சல் வர்றது ஒரு பக்கம். 230 வோல்ட் ஒயர்ல உறை கிழிஞ்சா, டிவி பின்னாடி கை வைக்கிற இரும்பு வாயில கரண்ட் வந்துரும், அதுதான் பெரிய ஆபத்து. பக்கத்துல பக்கத்துல ஓட வேண்டியிருந்தா ஒரு அடி இடைவெளி விடுங்க. குறுக்கே தாண்டணும்னா நேர் குறுக்கா, பிளஸ் குறி மாதிரித் தாண்டணும்.

இனி அந்தப் பைப்புக்குள்ள என்ன ஓடப்போகுதுன்னு பாப்போம். உங்க ரிசீவர் எச்டிஎம்ஐ 1.4 காலத்துது. நொடிக்கு 60 பிரேம் 4கே படத்தை அது கடத்தாது. அதைவிட, எச்டிசிபி 2.2ன்னு 4கே படத்துக்குப் போடுற பூட்டு அதுக்குத் தெரியாது. ஸ்டிக்கை ரிசீவர்ல சொருகி அங்கிருந்து டிவிக்குக் கொண்டுபோனா, படம் 1080க்கு இறங்கும், இல்லைன்னா கறுப்பாவே நிக்கும். ஆனா அதுக்காக ஆம்பை மாத்த வேண்டாம். ஸ்டிக்கையும் செட்டாப் பாக்ஸையும் நேரா டிவியில சொருகுங்க. டிவியோட மூணாவது போர்ட்டுல (இ-ஆர்க்ங்கிறது ஆர்க்கோட புது வடிவம்) இருந்து ரிசீவரோட எச்டிஎம்ஐ அவுட்டுக்கு ஒரே ஒரு கேபிள். படம் எல்லாம் டிவியோட நின்னுரும். சத்தம் மட்டும் ஆர்க் வழியா ஆம்புக்குத் திரும்பி வரும்.

இதுல நிறைய பேர் விடுற தப்பு ஒண்ணு. ஆம்புக்குச் சத்தம் உள்ளே வரணும்னு நினைச்சு ரிசீவரோட இன்ல சொருகிருவாங்க. ஆர்க் அவுட்லதான் வரும். பேரைப் பாத்து ஏமாறாதீங்க, ஆர்க்னு எழுதியிருக்கிற ஓட்டையைப் பாருங்க.

ஆர்க் சத்தம் 19 பின்ல முக்கியமா 14ஆவது பின் வழியா வருது, அளவும் கம்மி. அதனால நீங்க போடுற 10 மீட்டர் கேபிள் சாதா ஹை ஸ்பீடு ரகமா இருந்தாலே போதும். ரொம்பப் பழைய, மலிவான கேபிள் சிலதுல அந்தப் பின்னுக்குக் கம்பியே இருக்காது, அதை மட்டும் தவிர்த்துருங்க. பைப்புக்குள்ள விடுறதுக்கு முன்னால தரையில விரிச்சுப் போட்டு ரெண்டு பக்கமும் சொருகி ஒரு படம் முழுசா ஓட்டிப் பாருங்க.

அட்டையில 8கே, 2.1னு போட்டிருக்கிறதுக்குப் பொருள் இல்லை. கேபிளுக்கு வெர்ஷன் நம்பர் கிடையாது, ரகம்தான் உண்டு. ஹை ஸ்பீடு 10.2 ஜிகாபிட், பிரீமியம் ஹை ஸ்பீடு 18, அல்ட்ரா ஹை ஸ்பீடு 48. கடைசி ரகத்துக்குப் பெட்டியில ஸ்கேன் பண்ணிச் சரிபாக்கிற ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். செப்புக் கம்பியில அந்த ரகம் 5 மீட்டருக்கு மேல கிடைக்கிறது அபூர்வம். 10 மீட்டர் செப்புக் கேபிள்ல 48னு எழுதியிருந்தா வச்சுட்டு வந்துருங்க. 4கே 60 பிரேமுக்கே 18 ஜிகாபிட் கிட்ட வேணும். 1080ல 60 பிரேமுக்கு நாலரைதான். எச்டி செட்டாப் பாக்ஸுக்கு எந்தக் கேபிளும் ஆகும்னு இதுலயே தெரிஞ்சுக்கலாம்.

பின்னாடி புது ரிசீவர் வாங்கி எல்லாத்தையும் அலமாரியிலயே வைக்கணும்னு தோணுனா, அப்போ செப்புக்குப் பதிலா கண்ணாடி இழையில ஓடுற ஃபைபர் எச்டிஎம்ஐ இழுத்துக்கலாம். அதுக்குத்தான் 40 மி.மீ. அந்த ரகம் ஒரு திசையிலதான் ஓடும்: சோர்ஸ்னு போட்ட முனை அலமாரியில, டிஸ்பிளேன்னு போட்ட முனை டிவியில. திருப்பி இழுத்துட்டா படம் வராது, முழுசா உருவி மறுபடி இழுக்கணும். ஆர்க் வேலை செய்யும்னு பெட்டியில எழுதியிருக்கான்னும் பாக்கணும், எல்லாத்துலயும் இருக்காது.

தங்க முலாம் துரு பிடிக்காம இருக்கத்தான். அதனால நிறம் கூடாது. எச்டிஎம்ஐ கேபிள் சரியில்லைன்னா படம் லேசா மங்குறதுங்கிறது கிடையாது. வெள்ளைப் புள்ளி பொரி மாதிரித் தெறிக்கும், ரெண்டு மூணு விநாடி கறுத்துட்டுத் திரும்ப வரும், கடைசியில சிக்னல் இல்லைன்னு எழுதிக் காட்டும். அந்தப் பொரியைப் பாத்தா டிவி செட்டிங்கை நோண்ட வேண்டாம், கேபிளை மாத்துங்க.

ராதாபுரம்_டிஷ்

டிஷ் லைனைத் தனியா வச்சுக்கிடுங்க அண்ணாச்சி. 25 மி.மீ. பைப் ஒண்ணு மாடியில இருந்து நேரா டிவி பின்னாடி வரட்டும். உள்ளே ஆர்ஜி6ங்கிற டிஷ் ஒயர் ரெண்டு ஓட்டம் போடுங்க, ஒண்ணு இப்போதைக்கு, ஒண்ணு இருப்புக்கு. பழைய கேபிள் டிவி ஒயர் மிச்சம் கிடக்குன்னு ஆர்ஜி59ஐ இழுத்துராதீய. டிஷ்ஷுல இருந்து கீழ வர்ற சிக்னல் 950ல இருந்து 2150 மெகாஹெர்ட்ஸ். மெலிசு ஒயர்ல அது பாதி வழியிலயே தேய்ஞ்சு போவும். 18 மீட்டருக்கு நல்ல ஆர்ஜி6 தாராளம், 30 வரைக்கும் பயமில்லை.

அந்த ஒயர்ல சிக்னல் மட்டும் வரலை, பாக்ஸ்ல இருந்து எல்என்பிக்கு (டிஷ் முன்னால சிக்னலைப் பிடிக்கிற தலை) கரண்டும் மேல போவுது. 13 வோல்ட் அனுப்பினா ஒரு துருவத்துல வர்ற சேனல், 18 அனுப்பினா இன்னொரு துருவத்துல வர்ற சேனல். சில சேனல் நல்லா வருது, சில சேனல் மட்டும் மொத்தமா இல்லைன்னா டிஷ்ஷைத் திருப்ப ஓடாதீய. கனெக்டர் துருப்பிடிச்சு அந்த 18 மேல போய்ச் சேரலையான்னு முதல்ல பாருங்க.

கனெக்டர் போடுதது சின்ன வேலைதான், ஆனா பாதி கோளாறு அங்கதான். வெளி உறையை ஒன்றரை செ.மீ. சீவணும். பின்னல் வலையைப் பின்னுக்கு மடிச்சு உறை மேல படிய விடணும். வெள்ளை நுரையை முக்கால் செ.மீ. வெட்டி, நடுக் கம்பியில கீறல் விழாம உருவணும். இப்போ விரலால நுரை மேல தடவிப் பாருங்க, பின்னல்ல இருந்து முடி மாதிரி ஒரு இழை நடுக் கம்பியைத் தொட்டாலும் ஷார்ட், பாக்ஸ் எல்என்பி கோளாறுன்னு காட்டும். கனெக்டரைத் தள்ளுனா வெள்ளை நுரை உள்ளே அடித்தட்டுக்குச் சமமா வந்து நிக்கணும். நடுக் கம்பி வாய்க்கு வெளியே 2, 3 மி.மீ. நீட்டணும். கம்மியானா தொடாது, கூடுனா பாக்ஸ் உள்ளே இருக்கிற கவ்வை விரிச்சிரும். திருகுற வகையை விட கம்ப்ரஷன் வகை நல்லது, அதுக்கு டூல் வேணும், டிஷ் மாட்ட வாறவங்ககிட்ட இருக்கும்.

நம்ம பக்கம் ஆடிக்காத்து சும்மா விடாது. ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் இன்னும் கடுமை, ஆனா உங்க அம்பை (அம்பாசமுத்திரம்) வட்டாரத்துக்கும் காத்து உண்டு. டிஷ் காலை நாலு ஆங்கர் போல்ட் போட்டுக் கான்கிரீட்டுல இறுக்குங்க, கைப்பிடிச் சுவர் செங்கல்ல வேண்டாம். எல்என்பி கம்பி நெடுக ஒயரை டை போட்டுக் கட்டணும். தொங்க விட்டா காத்துல ஆடி ஆடி கனெக்டர் கழுத்துல முறியும். வெளியே இருக்கிற கனெக்டர் மேல தானே ஒட்டிக்கிற ரப்பர் டேப்பை இழுத்துச் சுத்துங்க. சாதா கறுப்பு டேப் ஒரு வெயில் காலத்துல உரிஞ்சிரும். உவரி, கூட்டப்புளி மாதிரி கடற்கரை ஊர்ல இதைச் செய்யலைன்னா உப்புக்காத்துக்குச் சீக்கிரமே பச்சைக் களிம்பு பிடிக்கும்.

மாடியில பைப் வாயை வானம் பாக்க விடாதீய. ஊன்றுகோல் கைப்பிடி மாதிரி கீழ் நோக்கி வளைச்சு விடுங்க. ஒயர் பைப்புக்குள்ள நுழையுறதுக்கு முன்னால கீழ தொங்குற மாதிரி ஒரு வளையம் விட்டா மழைத்தண்ணி அங்கயே சொட்டிரும். ஒயரை மடக்குனா 7 செ.மீ. ஆரத்துக்குக் குறையக் கூடாது.

தென்னை மறைக்குமான்னு கேக்க நினைச்சிருந்தா இதையும் சொல்லிருதேன். டிடி ஃப்ரீ டிஷ் சாட்டிலைட் நிக்கிற 93.5 டிகிரி கிழக்கு, நம்ம ஊர்ல இருந்து பாத்தா கிழக்குக்கும் தென்கிழக்குக்கும் நடுவுல, 69 டிகிரி உயரத்துல இருக்கு. அவ்வளவு செங்குத்து. டிஷ்ஷை விட 10 மீட்டர் ஒசந்த மரம்னாலும் அந்தத் திசையில 4 மீட்டருக்குள்ள நின்னாத்தான் மறைக்கும். வேற கம்பெனி சாட்டிலைட்டுன்னா திசை மாறும், கேட்டுக்கிட்டு டிஷ் இடத்தைக் குறிங்க.

ஐப்பசி கார்த்திகை இடிக்கு: மாடியில இருந்து உள்ளே நுழையுற இடத்துல ஒயரை வெட்டி எர்த் பிளாக் (ஒயர்ப் பின்னலை எர்த்தோட சேக்கிற உலோகத் துண்டு) போடுங்க. அதுல இருந்து 6 சதுர மி.மீ. செப்புக் கம்பி வீட்டு எர்த்துக்கே போவணும். டிஷ்ஷுக்குன்னு தனிக் குழி தோண்டி வீட்டு எர்த்தோட சேக்காம விட்டா, இடி நேரத்துல ரெண்டு எர்த்துக்கும் நடுவுல உள்ள வித்தியாசம் உங்க பாக்ஸ் வழியாத்தான் பாயும். நேரடியா விழுந்தா எதுவும் நிக்காது. மேகம் இருட்டுச்சுன்னா, இடி தலைக்கு மேல வாறதுக்கு முன்னாலயே பாக்ஸ் பவரையும் டிஷ் ஒயரையும் ரெண்டையும் கழட்டுங்க. பவரை மட்டும் கழட்டுனா பிரயோசனம் இல்லை. இடி முழங்க ஆரம்பிச்ச பிறகு அந்த ஒயர்ல கை வைக்காதீய.

டவுண்_ஸ்பீக்கர்

மேலே ரெண்டு பேரும் எழுதியது முழுக்கச் சரி. ஸ்பீக்கர் பக்கத்தை நான் சொல்கிறேன்.

ஸ்பீக்கர் ஒயருக்கு ஒரே கணக்குதான். போய்வர மொத்த நீளத்தின் மின்தடை, ஸ்பீக்கரின் ஓமில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. உங்கள் 6 ஓமுக்கு அது 0.3 ஓம். 1 சதுர மி.மீ. செப்புக் கம்பி மீட்டருக்கு 0.0172 ஓம். 11 மீட்டர் பின் ஸ்பீக்கருக்குப் போய்வர 22 மீட்டர், 1.5 சதுர மி.மீ. ஒயரில் 0.25 ஓம். சரியாக இருக்கிறது. 13 மீட்டருக்குக் கணக்குப் போட்டால் 0.3, விளிம்பில் நிற்கிறது. அதனால் பின் இரண்டுக்கும் 2.5, முன் மூன்றுக்கும் 1.5 போடுங்கள். இதற்கு மேல் தடிமனுக்குச் செலவழிப்பது வீண். ஸ்பீக்கர் ஒயர் என்று தனியாக விற்பதைத்தான் வாங்க வேண்டும் என்றில்லை. எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் இரண்டு கோர் செப்பு ஃபிளெக்ஸ் ஒயர் அதே வேலையைச் செய்யும்.

செப்புதானா என்பதை மட்டும் கடையிலேயே பாருங்கள். ஒரு இழையை எடுத்து பிளேடால் சுரண்டினால் உள்ளேயும் செம்பு நிறம் தெரிய வேண்டும். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது. அதில் தடை ஒன்றரை மடங்குக்கு மேல் போய்விடும். மேலே போட்ட கணக்கு செல்லாது. ஈரத்தில் முனை வெளுத்துப் பொடியாகவும் செய்யும்.

பிளஸ் மைனஸ் மாறினால் ஸ்பீக்கர் கெடாது, ஆனால் இடது கூம்பு முன்னால் வரும்போது வலது கூம்பு பின்னால் போகும். பாடகர் நடுவில் நிற்காமல் அறை முழுக்கக் கரைந்தது போலக் கேட்கும், அடித்தளச் சத்தம் வற்றிப் போகும். ஒயரை ஆம்பில் மாட்டும் முன் சாதாரண 1.5 வோல்ட் பேட்டரி ஒன்றை எடுத்து, ஆம்ப் பக்க முனையில் சிவப்புக்கு பிளஸ், கறுப்புக்கு மைனஸ் வைத்து ஒரு நொடி தொட்டு எடுங்கள். வலையைக் கழற்றி வைத்து வேறொருவர் கூம்பைப் பார்க்கட்டும். வெளியே தள்ளினால் சரி, உள்ளே இழுத்தால் மாறியிருக்கிறது. சுவருக்குள் ஒயர் துண்டானதும் இதிலேயே தெரிந்துவிடும், கூம்பு அசையாது.

முனையில் 1 செ.மீ. மட்டும் உரித்து, இழைகளை முறுக்கி, பனானா பிளக் போட்டு இறுக்குங்கள். ஒரே ஒரு இழை பக்கத்து முனையைத் தொட்டாலும் ரிசீவர் புரொடெக்ட் என்று காட்டி அணைந்துவிடும். அப்படி அணைந்தால் திரும்பத் திரும்ப ஆன் செய்யாதீர்கள். அஞ்சு ஸ்பீக்கரையும் கழற்றி ஆன் செய்து, ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பாருங்கள்.

சப்வூஃபருக்கு ஸ்பீக்கர் ஒயர் ஆகாது. ரிசீவரில் சப் பிரீ அவுட் என்று இருக்கும் ஒற்றை ஓட்டையிலிருந்து, பின்னல் வலை உள்ள ஒற்றை ஆர்சிஏ கேபிள் சப்வூஃபரின் எல்எஃப்இ ஓட்டைக்குப் போக வேண்டும். நீளமான ரெடிமேட் கேபிள் கிடைக்காவிட்டால் மிச்சமான ஆர்ஜி6 ஒயரின் இரண்டு முனையிலும் ஆர்சிஏ பிளக் போட்டுக்கொள்ளலாம், அருமையான கேபிள். ரிசீவரில் கிராஸ்ஓவரை (எந்த அளவுக்குக் கீழுள்ள சத்தம் சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்ற எல்லை) 80 ஹெர்ட்ஸில் வைத்து, சப்வூஃபரில் இருக்கும் கிராஸ்ஓவர் திருகை முழுக்க மேலே ஏற்றிவிடுங்கள். இரண்டு இடத்திலும் வெட்டினால் நடுவில் ஓட்டை விழும்.

கேசட் டெக்கின் அவுட்டிலிருந்து ரிசீவரின் டேப் அல்லது சிடி இன்னுக்கு, சிவப்பு வலது, வெள்ளை இடது. போனோ என்று எழுதிய ஓட்டை இருந்தால் அதில் சொருகாதீர்கள். அது இசைத்தட்டு ஊசிக்கானது. அங்கே சிக்னல் பல மடங்கு ஏற்றப்பட்டு, கரகரவென்று உடைந்த சத்தம்தான் வரும்.

ஆர்க் இணைத்த பிறகு செட்டிங் இரண்டு பக்கமும் வேண்டும். டிவியில் சிஇசியை (எச்டிஎம்ஐ வழியாக ஒரு கருவி மற்றதைக் கட்டுப்படுத்தும் வசதி) ஆன் செய்ய வேண்டும். சாம்சங்கில் அதன் பெயர் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்ளிங்க், சோனியில் பிராவியா சிங்க். ரிசீவரில் எச்டிஎம்ஐ கன்ட்ரோல், ஆர்க் இரண்டும் ஆன். பிறகு டிவியின் சவுண்டு அவுட்புட்டை எச்டிஎம்ஐ ஆர்க்குக்கு மாற்றுங்கள். வரவில்லை என்றால் இரண்டின் பிளக்கையும் சுவரிலிருந்து கழற்றி இரண்டு நிமிடம் கழித்து டிவியை முதலில் ஆன் செய்யுங்கள். ரிமோட்டில் அணைத்தால் போதாது.

புதுவீடு_கல்லிடை

ரொம்ப நன்றி அண்ணாச்சி. எலக்ட்ரீசியன்கிட்ட எச்டிஎம்ஐ பிளக்கையே கொண்டுபோய்க் காட்டுனேன், 40 மி.மீ. பைப்புக்கு ஒத்துக்கிட்டாரு. கரண்ட் தனி, இது தனி.

இப்போ இருக்கிற வாடகை வீட்ல எல்லாத்தையும் தரையில விரிச்சு இணைச்சுப் பாத்தேன். மூணு சந்தேகம். செட்டாப் பாக்ஸ் சத்தம் ஆம்புக்கு நல்லா வருது. ஸ்டிக்ல சில படம் போட்டா மட்டும் படம் ஓடுது, சத்தமே இல்லை. ரெண்டாவது, சப்வூஃபர்ல 'ஊ'ம்னு ஒரே இரைச்சல், எல்லாத்தையும் நிறுத்தி வச்சாலும் கேக்குது. மூணாவது, டிஷ் ஒயர் கனெக்டரைத் தொட்டா கையில சுருக்குனு இழுக்குது.

டவுண்_ஸ்பீக்கர்

முதல் சந்தேகம்: அந்தப் படங்களின் சத்தம் டால்பி டிஜிட்டல் பிளஸ் என்ற வடிவத்தில் வருகிறது. உங்கள் ரிசீவரின் ஆர்க் அதைப் புரிந்துகொள்ளவில்லை. டிவியில் டிஜிட்டல் சவுண்டு அவுட் பாஸ்த்ரூ என்று இருந்தால் வந்ததை அப்படியே தள்ளிவிடும். அதை ஆட்டோவுக்கு அல்லது டால்பி டிஜிட்டலுக்கு மாற்றுங்கள். ஸ்டிக்கின் சொந்த செட்டிங்கிலும் சரவுண்ட் சவுண்டை டால்பி டிஜிட்டலில் வையுங்கள். 5.1 அப்படியே கிடைக்கும். பிசிஎம்மில் (சுருக்காத சத்த வடிவம்) வைத்தாலும் சத்தம் வரும், ஆனால் ஆர்க்கில் அது இரண்டு சேனல்தான். பின் ஸ்பீக்கர் இரண்டும் ஊமையாக இருக்கும், இல்லையென்றால் ரிசீவர் தானாக ஊகித்து நிரப்பும். டிவியில் இ-ஆர்க் செட்டிங் இருந்தால் ஆஃப் செய்யுங்கள். உதடு அசைவும் பேச்சும் ஒட்டாமல் போனால் ஆடியோ டிலே செட்டிங்கில் சரிசெய்யலாம்.

பாளை_ஒயரிங்

இரைச்சலும் சுருக்கும் ஒரே இடத்துல இருந்துதான் வருதுன்னு நினைக்கேன். இப்படிச் சோதிங்க. செட்டாப் பாக்ஸ் பின்னாடி டிஷ் ஒயரைக் கழட்டுங்க. 'ஊ'ம் நின்னுச்சுன்னா எர்த் ரெண்டு வழியாச் சுத்தி வளையம் போடுது: டிஷ் ஒயர்ப் பின்னல், பாக்ஸ், டிவி, எச்டிஎம்ஐ, ரிசீவர், சப்வூஃபர், சுவர் எர்த். நம்ம கரண்டு 50 ஹெர்ட்ஸ், அதுதான் அந்த 'ஊ'ம். நிக்கலைன்னா சப்வூஃபர் ஆர்சிஏவைக் கழட்டிப் பாருங்க. அப்பவும் கேட்டா சப்வூஃபர் பவர் சப்ளையில கோளாறு. ஆர்சிஏ கழட்டுனா மட்டும் நிக்குதுன்னா அந்தக் கேபிள் கரண்ட் ஒயர் மேல கிடக்கு, இல்லைன்னா பின்னல் விட்டிருக்கு.

சுருக்குனு இழுக்கிறது ஏன்னா, செட்டாப் பாக்ஸ் அடாப்டரும் சில டிவியும் ரெண்டு பின் பிளக். உள்ளே இரைச்சலைத் தடுக்கப் போட்டிருக்கிற சின்ன கெப்பாசிட்டர் வழியாக் கொஞ்சம் கரண்ட் எச்டிஎம்ஐ உறைக்கும் டிஷ் பின்னலுக்கும் கசியும். இந்தக் கசிவு மிகக் கம்மி, வழக்கமா ஆளுக்கு ஆபத்து இல்லை. ஆனா ரெண்டும் ஆன்ல இருக்கையில எச்டிஎம்ஐயைச் சொருகுனா, அந்தக் கசிவு பின் வழியாப் பாஞ்சு போர்ட்டைப் பொசுக்கிரலாம். அதனாலதான் எச்டிஎம்ஐயைச் சொருகும்போதும் கழட்டும்போதும் எல்லா பிளக்கும் சுவர்ல இருந்து வெளியே இருக்கணும். சுருக்குக்குப் பதிலா கை உதறுற மாதிரி இழுத்தா அது கசிவு இல்லை. மெயினை அணைச்சுட்டு எலக்ட்ரீசியனை வரச் சொல்லுங்க.

தீர்வு: புது வீட்ல டிவிக்கும் ஆம்புக்கும் ஒரே சர்க்யூட்ல இருந்து, எர்த் ஒழுங்கா வந்த மூணு பின் பாயிண்ட் போடுங்க. ராதாபுரத்து அண்ணாச்சி சொன்ன எர்த் பிளாக்கும் அதே எர்த்துல சேரட்டும். பெரும்பாலும் இதுலயே ரெண்டும் அடங்கும். 'ஊ'ம் நிக்கிறதுக்காக சப்வூஃபரோட எர்த் பின்னை உடைச்சு விடாதீங்க, உள்ளே ஷார்ட் ஆனா மூடியே கரண்ட் அடிக்கும். டிஷ் ஒயர்ல போடுற ஐசொலேட்டர்னு ஒண்ணு கடையில தருவாங்க, அது கேபிள் டிவிக்குத்தான். டிஷ் லைன்ல போட்டா மேல போற 13, 18 வோல்ட்டை மறிச்சு டிவியே வராது.

அப்படியும் இரைச்சல் இருந்தா ஆர்க்கை விட்டுட்டு ஆப்டிக்கல் ஒயர் போடுங்க. 10 மீட்டர் ஆப்டிக்கல் ஒண்ணை இப்பவே பைப்புக்குள்ள விட்டு வைங்க. அதுல ஓடுறது வெளிச்சம், கரண்ட் இல்லை. எர்த் வளையம் அங்கயே அறுந்துரும். டால்பி டிஜிட்டல் 5.1 அதுலயும் வரும். குறை ஒண்ணுதான், டிவி ரிமோட்டுல ஆம்ப் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க முடியாது. ரெண்டு முனையிலயும் இருக்கிற கண்ணாடி மாதிரி தொப்பியைக் கழட்டிட்டுச் சொருகணும். அதோட சேத்து அழுத்தி உடைக்கிறவங்க நிறைய. டிவி பக்கம் சொருகுனா மறு முனையில சிவப்பா வெளிச்சம் தெரியும். பைப்புல இதைக் கடைசியா, இழுக்காம மெதுவா விடுங்க.

இன்வெர்ட்டர் இருக்குன்னா சைன் வேவ் வகையான்னு பாருங்க. ஸ்கொயர் வேவ்ல எவ்வளவு நல்ல எர்த் இருந்தாலும் ஆம்ப் ரீங்காரம் போடும்.

புதுவீடு_கல்லிடை

ஆட்டோவுக்கு மாத்துனதும் சத்தம் வந்துருச்சு. டிஷ் ஒயரைக் கழட்டுனா 'ஊ'ம்னு கேக்கிறதும் நிக்குது. நாளைக்கு ஜங்ஷன் போய் வாங்கப்போற பட்டியல்: 40 மி.மீ. பைப் 9 மீட்டர், நீள பெண்டு 3. டிஷ்ஷுக்கு 25 மி.மீ. பைப் 20 மீட்டர், ஆர்ஜி6 45 மீட்டர். 1.5 ரெண்டு கோர் 24 மீட்டர், 2.5 ரெண்டு கோர் 26 மீட்டர். எச்டிஎம்ஐ 10 மீட்டர் ஒண்ணு, ஆப்டிக்கல் 10 மீட்டர் ஒண்ணு. விட்டுப் போனது இருந்தா சொல்லுங்க.

பாளை_ஒயரிங்

ஸ்பீக்கர் ஒயருக்குப் பைப்பை விட்டுட்டீங்க. பின் ரெண்டுக்கும் 25 மி.மீ. ஒண்ணு, தரை வழியா சோபா பின்னாடி வரைக்கும். முன் மூணும் சப்வூஃபர் கேபிளும் இன்னொரு 25ல. சப்வூஃபர் எந்த மூலைன்னு இப்பவே முடிவு பண்ணி ஒயர் நீளத்தைச் சேத்துக்கோங்க. கேட்6 நெட்வொர்க் ஒயர் ரெண்டு ஓட்டம், மோடம் வைக்கிற இடத்துல இருந்து டிவிக்கும் அலமாரிக்கும். 4கே படத்துக்கு 25 மெகாபிட் போதும், டிவியோட லேன் போர்ட் பெரும்பாலும் 100 தரும். வைஃபை தடுமாறுற தொல்லை போயிரும்.

டிவி பின்னாடி பைப் வாய் வர்ற பெட்டி, மாட்டுற பிராக்கெட்டுக்கு நேர் பின்னால வரக் கூடாது. எச்டிஎம்ஐ தலை சுவர்ல இருந்து 6 செ.மீ. நீட்டும், டிவி சுவரோட ஒட்டாது. ஓட்டைகள் டிவியில எந்தப் பக்கம் இருக்கோ அந்தப் பக்கமாப் பெட்டியைக் குறிங்க.

எல்லா பைப்புலயும் நைலான் கயிறு ஒண்ணு விட்டு, ரெண்டு முனையிலயும் ஆணியில கட்டிருங்க. கூடவே இழுத்துப் போகிற ஒயரோட இன்னொரு கயிறும் போகட்டும், அடுத்த தடவைக்கு. எச்டிஎம்ஐயை இழுக்கும்போது கயிறைப் பிளக்குல கட்டாதீங்க, தலைக்குப் பின்னால ஒரு சாண் தள்ளி உறையில கட்டி, தலைக்கு மேல டேப் சுத்திக் கூம்பாக்குங்க. பூச்சு ஆரம்பிக்கிற அன்னைக்குக் காலையில எல்லாப் பைப் வாயிலயும் சாக்குத் துணியைத் திணிச்சு மேல டேப் ஒட்டுங்க. கொத்தனார் கரண்டியில இருந்து தெறிக்கிற கலவை உள்ளே விழுந்து பெண்டுல இறுகிட்டா, 40 மி.மீ. பைப்பும் முக்கால் இஞ்சு ஆயிரும்.